உத்தியோக லட்சணம்

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று சொல்லாத தாத்தா நம் வீடுகளில் கிடையாது. பையன் பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்து அவனுக்குக் கல்யாணம் ஆகிற வரையில் இந்த மந்திரத்தை ஓதிக்கொண்டே இருப்பார்கள். ஓதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதன் அர்த்தம் தெரியாது. வடமொழியில் உத்யோகம் என்றால் முயற்சி; சோம்பலை உதறிவிட்டு ஒரு காரியத்தில் இறங்குவது. முயல்வதுதான் மனிதனுக்கு அழகு என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லி வைத்தான். நாம் அந்த வார்த்தையைப் பிடித்து இழுத்து வந்து, தலையில் ஒரு தலைப்பாகையைக் கட்டி, ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்து, முதல் தேதி சம்பளம் வாங்கப் பழக்கிவிட்டோம். இன்றைக்கு, மேற்கொண்டு முயற்சி எதுவும் தேவைப்படாத நிலைக்கு உத்தியோகம் என்று பெயர்.

நான் இந்த வியாக்கியானத்தில் இறங்கக் காரணம், கொடைக்கானல் மலையிலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவர் பண்ணைக்காட்டுப் பக்கத்துக்காரர். பன்னிரண்டு வருஷமாகச் சொந்தக் கார் வைத்து, வருகிறவர்களுக்கு ஏரியையும் தூண் பாறையையும் காட்டி ஜீவனம் நடத்துகிறார். இப்போது ஒரு பெரிய விடுதிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு, "காரை விற்றுவிடு, எங்கள் வண்டியை ஓட்டு, மாதச் சம்பளம் தருகிறோம்" என்கிறார்களாம். தகப்பனார் உடனே போகச் சொல்கிறார். மைத்துனர் காரை வாங்கிக்கொள்ள முன்பணத்தோடு தயாராக நிற்கிறார். டாக்சி ஸ்டாண்டில் இருக்கும் சிநேகிதர்களோ, "இத்தனை நாள் ராஜாவாக இருந்துவிட்டு இனிமேல் ஒருத்தன் முன்னால் கை கட்டி நிற்கப் போகிறாயா?" என்று கேட்கிறார்கள். கதையில் வருகிற மனிதர்களுக்கெல்லாம் வழி பண்ணுகிறீர்களே, எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள் என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

நானும் மாதச் சம்பளம் இல்லாமல் எழுதிப் பிழைக்கிறவன்தான். ஆகையால் இந்த வழக்கில் என்னால் நீதிபதியாக இருக்க முடியாது. நான் ஒரு கட்சிக்காரன். அதற்காக என் கட்சி டாக்சி ஸ்டாண்டுக் கட்சி என்று எண்ணிவிட வேண்டாம். சொந்தத் தொழிலைப் பற்றி, சுதந்திரம், சுதந்திரம் என்று பஜனை பாடுகிறவர்களை, முதல் தேதி பக்தர்களைக் காட்டிலும் ஒரு மாற்றுக் குறைவாகவே மதிக்கிறேன். அந்தப் பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து ஜால்ரா போடுகிறவர்கள் அநேகமாகப் பென்ஷன் வாங்குகிறவர்கள். கோக்கர்ஸ் வாக்கில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று, கீழே மேகம் நகர்வதைப் பார்த்தபடி, "இந்த மலை ஜனங்களுக்குத்தான் என்ன நிம்மதியான வாழ்க்கை! நமக்கு மேலதிகாரி, இவர்களுக்கு யார்?" என்று பெருமூச்சு விடுவார்கள். பெருமூச்சு விட்டபின் ரயில் ஏறிப் போய்த் திங்கட்கிழமை காலையில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அந்த நிம்மதியின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். கொடைக்கானலில் வருஷம் என்பது ஏப்ரலும் மேயும்தான். மற்றப் பத்து மாதத்தில் பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று சில்லறை வரும். ஆனால் வண்டிக்கு டியூ கட்டுவதும், இன்ஷூரன்ஸ் கட்டுவதும், குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் அந்த இரண்டு மாதத்தில் ஓடிய ஓட்டத்திலிருந்து வர வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் மலை மேல் ஏறி வந்தது. மரங்கள் சாய்ந்தன, சாலைகள் அடைபட்டன. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது; அந்த ஏப்ரலும் மேயும் கொடைக்கானலில் ஏரித் தண்ணீரைத் தவிர வேறொன்றும் அசையவில்லை. சரி, ஒரு வருஷந்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு 2021-ன் சீசனும் அப்படியே போயிற்று. அதன்பின் கூட்டம் திரும்பியது. திரும்பின வேகத்தில் மலை தாங்காது என்று ஆகிவிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7-ந் தேதி முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஆயிற்று. 2025 சீசனில், வார நாட்களில் நாலாயிரம் வண்டி, சனி ஞாயிறுகளில் ஆறாயிரம் வண்டி என்று எண்ணிக்கையே கட்டப்பட்டது.

கோர்ட்டு செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. மலையைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். பெருமாள் மலையிலிருந்து ஊருக்குள் போக ஒரு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்து புகையைக் குடித்தவர்களுக்கு, மலை என்ன பாடுபடுகிறது என்பது தெரியும். நான் கேட்பதெல்லாம், புயலானாலும் நோயானாலும் நியாயமான தீர்ப்பே ஆனாலும், அதன் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதுதான். ஊரடங்கில் சர்க்கார் ஆபீசில் சம்பளம் நிற்கவில்லை. குதிரை ஓட்டுகிறவர்களுக்கும், படகுத் துறையில் சோளம் சுடுகிற அம்மாளுக்கும், நம் கடிதக்காரருக்கும் நின்றது. குதிரைக்குக் கொள் நின்றால் குதிரை நிற்காது என்பதால் கடன் வாங்கிக் கொள் போட்டார்கள். இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்கிறவர்கள், ஒரு சீசனுக்காவது தங்கள் சம்பளப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு வந்து அனுபவித்துப் பார்க்கட்டும்.

சம்பளம் என்றால் என்ன? நம் குமாஸ்தாக்கள் நினைக்கிறபடி அது வேலைக்குக் கொடுக்கும் விலை மட்டும் இல்லை. வேலைக்கு விலை கூலியிலும் உண்டு, சவாரி வாடகையிலும் உண்டு. சம்பளத்தில் அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. நல்ல சீசனில் வரும் உபரி லாபத்தை நான் முதலாளிக்கு விட்டுக்கொடுக்கிறேன். கெட்ட சீசனில் வரும் நஷ்டத்தை அவர் தம் தலையில் போட்டுக்கொள்கிறார். இதுதான் பேரம். இந்தப் பேரத்தில் ஓர் அவமானமும் கிடையாது. கை கட்டி நிற்பது, கட்டாமல் நிற்பது எல்லாம் அவரவர் முதுகெலும்பைப் பொறுத்த விஷயம். முதலாளி தம் பங்குக்கு நஷ்டத்தை உண்மையிலேயே ஏற்றுக்கொள்கிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டும். அதைத்தான் நம் தகப்பனார்கள் பார்ப்பதில்லை. "நிரந்தரமா?" என்று கேட்பார்கள், "பி.எஃப். உண்டா?" என்று கேட்பார்கள், அதுவும் விவரம் தெரிந்தவர்கள். கம்பெனி பெயர் பெரிதாக இருந்தால் அதைக்கூடக் கேட்பதில்லை.

பெரிய பெயர் எப்படிப்பட்டது என்று கொடைக்கானலுக்குத் தெரியும். 1983-ல் அங்கே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடி, இயந்திரங்களைக் கொண்டுவந்து இங்கே நிறுவினார்கள். பாண்ட்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை; பிறகு யூனிலீவர் பாண்ட்ஸை வாங்க, கடைசியில் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாம்பார் சோலைக்கு மேலே இடம். செய்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போயின. இரண்டு மாதச் சீசனையும், உருளைக்கிழங்கையும், பேரிக்காயையும் நம்பியிருந்த ஊரில், வருஷம் பன்னிரண்டு மாதமும் சம்பளம் தருகிற இடம் என்றால் அதற்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று வாசகர்கள் யோசித்துக்கொள்ளலாம். பெண் கொடுக்கிறவர்கள் இரண்டாவது கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மெண்டு உத்தியோகம் என்ற பழமொழிக்கு, சீமைக் கம்பெனி உத்தியோகம் என்று ஒரு புதுப் பாடம் சேர்ந்த காலம் அது.

தெர்மாமீட்டருக்குள் இருப்பது பாதரசம். அது சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். ஆவிக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சோடு உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இந்த விவரம் 1983-ல் உலகத்துக்குப் புதிதில்லை. ஆனால் தங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் அங்கே வேலை செய்தவர்கள் பின்னால் வைத்த குறை. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்ததை ஊர்க்காரர்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும், கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஏழு டன்னுக்கு மேல் இருந்தது. பள்ளிக்கூடங்கள் இருக்கிற ஊரில், ஜனங்கள் நடமாடுகிற கடையில், கிழிந்த சாக்கில். தொழிற்சாலை மூடப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து, 2003-ல், கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். பாதரசத்துக்குத் திரும்பிப் போக ஊர் இருந்தது. வேலை செய்தவர்களுக்கு இந்த மலைதான் ஊர்.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம் முதல் தேதி பக்தர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டியிருக்கும், ஏனென்றால் பதினைந்து வருஷம் ஆயிற்று. சிறுநீரகம் கெட்டது, நரம்பு தளர்ந்தது, இன்னார் இறந்தார் என்று தொழிலாளர்கள் சங்கம் வைத்து முறையிட்டார்கள். அந்த வியாதிகளுக்கும் தொழிற்சாலைக்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி சாதித்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு மனிதாபிமான அடிப்படையில் தொகை தருவதாகக் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை, தொகை எவ்வளவு என்பதும் வெளியே வரவில்லை. நோய்க்கும் பாதரசத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஒவ்வொருவர் விஷயத்திலும் வைத்தியர்கள்தான் சொல்ல வேண்டும். கதை எழுதுகிற நான் சொல்வதற்கில்லை. என் விஷயம் வேறு. பதினெட்டு வருஷம் மாதா மாதம் சம்பளம் ஒழுங்காக வந்தது. நஷ்டம் என்று ஒன்று வந்ததும், அது யாருடையது என்பதைத் தீர்மானிக்கப் பதினைந்து வருஷம் பிடித்தது. இதை நிரந்தர வருமானம் என்று எந்த அகராதியில் போட்டிருக்கிறது?

"தனியாக ஒரு தொழிற்சாலையைச் சொல்லி, உத்தியோகத்தையே பழிக்கிறீர்களே" என்று யாரேனும் கோபித்துக்கொள்ளலாம். நான் பழிக்கவில்லை. அதே மலையில், அதே ஊரில், சம்பள உத்தியோகம் ஒரு மனிதரை எவ்வளவு பெரியவராக ஆக்கியது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஊருக்கு மேலே, 1899-ல் ஏற்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜான் எவர்ஷெட் என்று ஓர் ஆங்கிலேயர். லண்டனில் ஒரு கம்பெனியில் ரசாயனப் பரிசோதகர் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் சொந்தச் செலவில் கருவிகள் அமைத்துச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வான சாஸ்திரத்தில் அவர் எவரிடமும் சம்பளம் வாங்கியவர் இல்லை. இந்தக் காலத்துப் பாஷையில் சொன்னால் சுயேச்சைக்காரர். அவருக்கு 1906-ல், நாற்பத்திரண்டாவது வயதில், கொடைக்கானல் நிலையத்தில் உதவி டைரக்டர் பதவி தருவதாக அழைப்பு வந்தது. நாற்பத்திரண்டு வயதில் தேசம் விட்டுத் தேசம், அதுவும் மோட்டார் ரோடு போடாத மலைக்கு! பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து மனிதர் நாற்காலியிலும் சாமான் தலைச்சுமையிலும் ஏறிய காலம் அது. 1907 தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். இரண்டே வருஷத்தில், 1909 ஜனவரியில், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகமெங்கும் வானசாஸ்திரப் புத்தகங்களில் அது இன்றைக்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1911-ல் டைரக்டர் ஆனார், 1923-ல் ஓய்வு பெற்று ஊருக்குப் போய், மறுபடியும் சொந்தமாக ஒரு நிலையம் வைத்துக்கொண்டு சூரியனைப் பார்க்கத் தொடங்கினார். ஆக, அந்த மனிதருக்குச் சம்பளம் நடுவில் வந்த ஒரு சௌகரியம்.

இந்தக் கதையில் ஒரு பாதியை நான் இன்னும் சொல்லவில்லை. அவரோடு மலையேறி வந்த அவருடைய மனைவி மேரி, தாமே வானசாஸ்திரம் படித்து எழுதிய பெண்மணி. சூரிய விளிம்பில் எழும் சுவாலைகளைப் பற்றி 1917-ல் நிலையம் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சியில் புருஷன் பெண்சாதி இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. மகாகவி தாந்தேயின் வானசாஸ்திர அறிவைப் பற்றி 1914-ல் ஒரு நூலும் வெளியிட்டார். சம்பளப் பட்டியலில் இருந்தது ஒரு பெயர்தான். நம் கடிதக்காரர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். தகப்பனார் வருகிறார், மைத்துனர் வருகிறார், வண்டியின் கியர்பாக்ஸ்கூட வருகிறது. சீசன் இல்லாத மாதங்களில் அடுப்பை எரிய வைத்தது யார் என்ற விவரம் மட்டும் வரவில்லை. சொந்தத் தொழில்காரர்கள் அநேகம் பேருடைய சுதந்திரத்துக்கு வீட்டுக்குள்ளே ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் ஒருவர் இருக்கிறார். காரை விற்பதா வேண்டாமா என்பதை மைத்துனரிடம் பேசுமுன் அவரிடம் பேச வேண்டும்.

எவர்ஷெட் வெள்ளைக்காரர், அவர் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்காக இன்னொருவரைச் சொல்கிறேன். உ.வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தில் கௌரவமாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். மடத்தின் தலைவருக்கு அவரை அனுப்ப மனமில்லை. தியாகராசச் செட்டியார் ஓய்வு பெறும்போது பிடிவாதமாக இழுத்துப்போய், 1880-ல், கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக உட்கார வைத்தார். முழுக்க முழுக்க மாதச் சம்பள உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்காகக் கும்பகோணத்தில் குடியேறியதால்தான், அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று தாம் படித்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டு போனவரை, சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் ஒரு கேள்வி கேட்டார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சேறியது. அதன் பின்னால் வந்ததெல்லாம் வாசகர்களுக்குத் தெரியும். கலைஞனும் புலவனும் சம்பளத்துக்குப் போனால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்று சொல்லும் என் எழுத்தாள நண்பர்கள், சங்க இலக்கியம் அச்சில் நம் கைக்கு வந்தது ஒரு காலேஜ் வாத்தியாரின் உழைப்பால் என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த நண்பர்கள் உடனே புதுமைப்பித்தனைக் கொண்டுவந்து என் முன் நிறுத்துவார்கள். புதுமைப்பித்தன் தினமணியில் உத்தியோகத்தில் இருந்துகொண்டே கதை எழுதியவர். வேலையை விட்ட பிறகு சினிமாவுக்குப் போய், 'ராஜமுக்தி' வேலையாகப் புனா வரை போய், காச நோயோடு திரும்பி, 1948-ல் நாற்பத்திரண்டு வயதில் திருவனந்தபுரத்தில் இறந்தார். ஒரு மனிதர் மருந்துக்குத் திண்டாடிச் செத்ததை எடுத்து லட்சியத்தின் திருவுருவமாகச் சட்டம் போட்டு மாட்டி, மாலை போட்டுக் கும்பிடுவது எனக்குச் சகிக்கவில்லை. இறந்தவரின் பட்டினியில் இருப்பவர்கள் குளிர் காய்கிறார்கள்.

வேறு விதமான மனிதரும் உண்டு. கொடைக்கானலுக்குப் போகிற பஸ்களில் பல வத்தலக்குண்டு வழியாக மலையேறும். அந்த வத்தலக்குண்டுக்காரர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்து 119 இதழ் நடத்தினார். புத்தக மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு காலேஜ் காலேஜாகப் போய் விற்றார். தமிழில் புதுக்கவிதை காலூன்றியது அந்தப் பத்திரிகையில். இந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க அன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு ஸ்தாபனமும் இல்லை. பிரபல பத்திரிகை ஒன்றில் அவர் உதவியாசிரியராக உட்கார்ந்து பென்ஷன் வாங்கியிருந்தால் அது வேறு வேலையாக இருந்திருக்கும். எவர்ஷெட்டுக்கும் சாமிநாதையருக்கும், அவர்கள் சம்பளமில்லாமலேயே செய்துகொண்டிருந்த காரியத்தைச் செய்யச் சொல்லிச் சம்பளம் வந்தது, போனார்கள். செல்லப்பாவுக்கு வரவில்லை, தனியே நடந்தார். இதில் எவர் பெரியவர் என்று தராசு பிடிக்க நான் தயாராக இல்லை.

மலைமேல் திரும்புவோம். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு போடுகிறவர்களைப் பார்த்தால், சொந்தத் தொழில் என்ற வார்த்தையே சில சமயம் ஒரு பரிகாசம் என்று தோன்றும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. பூண்டு கீழே இறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. நிலம் தம்முடையது, வியர்வை தம்முடையது, மழை பொய்த்தால் நஷ்டமும் தம்முடையது. விலை மட்டும் மண்டிக்காரருடையது. விதைக்கு முன்பணம் அவரிடம் வாங்கியிருந்தால் வேறு மண்டிக்குப் போகவும் முடியாது. மேலதிகாரி இல்லை என்று பென்ஷன்காரர் பெருமூச்சு விட்டாரே, அந்த மேலதிகாரி இங்கே கமிஷன் கடையில் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். முதல் தேதி ஒன்றுதான் இல்லை.

இந்தக் காலத்துக் கம்பெனிகள் இதைப் பார்த்து நல்ல பாடம் கற்றுக்கொண்டிருக்கின்றன. கைப்பேசியில் சவாரி அனுப்புகிற கம்பெனிகளைச் சொல்கிறேன். வண்டி உன்னுடையது, டீசல் உன்னுடையது, விபத்தும் உன்னுடையது. வாடகையை நாங்கள் போடுவோம், எங்கே போக வேண்டும் என்று நாங்கள் சொல்லுவோம், வந்தவர் முகம் சுளித்து நட்சத்திரம் குறைத்தால் மறுநாள் வேலை கிடையாது. ஏன் ஐயா, இது உத்தியோகமா என்று கேட்டால், இல்லை, நீ எங்கள் பார்ட்னர் என்பார்கள். பார்ட்னர் என்றால் பங்காளி. நம் கிராமத்தில் பங்காளி என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. முதலாளி தொழிலாளி என்ற உறவுக்கு வெளியே வேலை செய்கிறவர்கள் என்று 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இவர்களுக்கு இலக்கணம் வகுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2023-ல் இவர்களுக்கென்று ஒரு நல வாரியமும் ஏற்பட்டது. வாரியம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டளையும் கீழ்ப்படிதலும் இருக்கிற இடத்தில், நஷ்டத்துக்கு மட்டும் எஜமானன் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? குமாஸ்தாவுக்குக் கை கட்ட வேண்டியிருந்தால் சம்பளமாவது உண்டு. மண்டிக்காரரிடம் தோற்கிற விவசாயிக்கு நிலமாவது மிஞ்சும். இந்தப் பங்காளிக்கு இரண்டு பக்கத்துக் கஷ்டமும் முழுசாக உண்டு.

ஆகவே நம் பண்ணைக்காட்டு நண்பருக்கு நான் எழுதிய பதில், "போங்கள்" என்றும் இல்லை, "போகாதீர்கள்" என்றும் இல்லை. சொந்த வண்டியில் போனாலும் விடுதி வண்டியில் போனாலும் அவர் ஓட்டப் போவது அதே கொண்டை ஊசி வளைவுகளைத்தான். அவருக்கு விடுதிச் சம்பளத்தால் ஒரு சிந்தாமணி கிடைக்கப் போவதும் இல்லை, சொந்த வண்டியால் ஒரு 'எழுத்து' நடக்கப் போவதும் இல்லை. அதனால் அவர் விஷயத்தில் மிஞ்சுகிற கேள்வி நஷ்டத்தைப் பற்றியதுதான். டாக்சி ஸ்டாண்டு சிநேகிதர்கள் சொல்லும் ராஜ்யத்தில் இரண்டு சீசன் பட்டினி கிடந்தவர் அவர். அந்த ராஜ்யத்தை விட்டு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விடுதிக்காரர் வாங்குவது அவருடைய பன்னிரண்டு வருஷத்து மலை அனுபவத்தை, பனி மூட்டத்தில் எந்த வளைவில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்த அறிவை. அதற்கு அவர் என்ன தருகிறார் என்று பார்க்க வேண்டும்.

நியமன உத்தரவு கடுதாசியில் தருவார்களா? மழையில் ரோடு சரிந்து பத்து நாள் வண்டி மேலே வராவிட்டால் அந்தப் பத்து நாளுக்குச் சம்பளம் உண்டா? மறுபடி ஓர் ஊரடங்கு வந்தால்? இ-பாஸ் எண்ணிக்கை குறைந்து விடுதியில் ஆள் இல்லாத மாதத்தில் "கொஞ்ச நாள் வீட்டில் இரு, கூப்பிடுகிறோம்" என்று சொல்வார்களா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் முதல் மாதத்திலிருந்தா, அல்லது 'பார்த்துச் செய்கிறோமா'? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மதுரை விமான நிலையத்திலிருந்து விருந்தாளியை ஏற்றிக்கொண்டு வந்தால் மறுநாள் காலை எத்தனை மணிக்கு வரச் சொல்வார்கள்? இவை ஒவ்வொன்றுக்கும் விடுதிக்காரரிடம் பதில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் தாராளமாகப் போகலாம். தகப்பனார் சந்தோஷப்படுவார், சந்தோஷப்படட்டும். "என்னப்பா, இதற்கெல்லாம் கடுதாசியா, வாய் வார்த்தை போதாதா, நாமெல்லாம் ஒரு குடும்பம் இல்லையா?" என்று அவர்கள் சிரித்தால், மைத்துனரிடம் வாங்கிய முன்பணத்தை அன்றைக்குச் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.